சர்வர் சுந்தரம் இன்றும் காணத்தக்கதோ?

(ஆண்டு விழாவில் படக்காட்சிக்கு முன் ஆற்றிய உரை)

  

நாம் இம்மேடைக்கு வந்தது ஒரு வழக்கின் விளைவு. ஆண்டு விழா மாலையில் ஒரு திரைப்படம் காட்டுவதென்று செயற்குழு முடிவு செய்தபோது, மூத்தோர் பலர் ஒரே குரலாக ‘சர்வர் சுந்தரம்’ என்றனர். இளைஞர்கள் முகம் சுளித்தனர். “1964ஆம் ஆண்டுப் படம், கறுப்பு வெள்ளை, நீளமோ நீளம், அழுகைக் காட்சி வேறு, இதைப் போட்டால் பாதிப் படத்தில் நாற்காலிகள்தாம் மிஞ்சும்” என்பது அவர்கள் வாதம். “உங்களுக்கு என்ன தெரியும்?” என்பது மூத்தோர் வாதம். இதனை வாதம் என்று சொல்ல இயலாது என்பதை மூத்தோர் சார்பில் நாமே ஒப்புக்கொள்கிறோம். இறுதியில், படத்தைப் போடுவது, ஆனால் அது ஏன் இன்றும் காணத்தக்கது என்பதை யாரேனும் ஒருவர் முன்னரே விளக்குவது என்று உடன்பாடு ஏற்பட்டது. அந்த யாரேனும் ஒருவர் நாமாகிவிட்டோம்.

ஒப்புக்கொண்டபின் அந்தப் படத்தை வீட்டில் அமர்ந்து மீண்டும் ஒருமுறை முழுதாகப் பார்த்தோம். பரிந்து பேசவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் பார்க்கத் தொடங்கினோம். பார்த்து முடித்தபோது சில இடங்களில் இளைஞர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றிற்று. வேறு சில இடங்களில் நாம் இளமையில் கண்டு சிரித்த காட்சிகளே இப்போது நெஞ்சை உறுத்தின. எனவே, வழக்கறிஞராக வந்தவர் சாட்சியாக நிற்கும் நிலை நம்முடையது.

ஒரு சாதாரண மனிதர் திடீரென்று திரையுலகின் விண்மீனாகும் கதை உலகெங்கும் சொல்லப்பட்ட கதைதான். அமெரிக்காவின் ஹாலிவுட்டில் ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ என்ற பெயரில் 1937ஆம் ஆண்டு ஒரு படம் வந்தது. வில்லியம் வெல்மன் இயக்கினார். ஜேனட் கேனரும் பிரெடெரிக் மார்ச்சும் நடித்தனர். ஊர்ப்புறத்திலிருந்து நடிப்பாசையோடு வந்த ஒரு பெண்ணை, புகழின் உச்சியிலிருந்து குடியினால் சரிந்துகொண்டிருக்கும் ஒரு நடிகன் கைதூக்கி விடுகிறான். இருவரும் மணந்துகொள்கின்றனர். அவள் பெயர் ஏற ஏற, அவன் பெயர் இறங்குகிறது. முடிவில் கடல் அவனைக் கொள்கிறது. இதே கதையை 1954இல் ஜூடி கார்லண்டையும் ஜேம்ஸ் மேசனையும் வைத்து ஜார்ஜ் கியூக்கர் எடுத்தார். 1976இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் நடிக்க இசையுலகக் கதையாக அது மாறிற்று. 2018இல் பிராட்லி கூப்பர் தாமே இயக்கி, லேடி காகாவுடன் நடித்தார். எண்பது ஆண்டுகளில் நான்கு முறை! நம் நாட்டிலும் இதன் சாயலைக் காணலாம். குரு தத்தின் ‘காகஸ் கே பூல்’ 1959இல் வந்தது; ஏறும் நடிகை, இறங்கும் இயக்குநர். 1973இல் வந்த ‘அபிமான்’ படத்தில் கணவனும் மனைவியும் பாடகர்கள். மனைவியின் குரலுக்குக் கிடைக்கும் புகழைக் கணவனின் மனம் தாங்கவில்லை.

அந்த 1954ஆம் ஆண்டுப் படத்திற்கு ஒரு துயரக் கதையும் உண்டு. படம் மூன்று மணி நேரம் ஓடிற்று. ஒரு நாளில் இன்னும் ஒரு காட்சி கூடுதலாக ஓட்டலாமே என்ற கணக்கில், வெளிவந்த பின்னர் ஏறக்குறைய அரை மணி நேரப் பகுதியை உரிமையாளர்கள் வெட்டி எறிந்தனர். பின்னாளில் அதை மீட்க முயன்றவர்களுக்குச் சில பகுதிகள் கிடைத்தன. சிலவற்றின் ஒலி மட்டும் கிடைத்தது. ஆகவே 1983இல் அதை மறுபடியும் ஒட்டித் தைத்து வெளியிட்டபோது, அசையும் படம் இல்லாத இடங்களில் அசையாத நிழற்படங்களை வைத்து ஒலியை ஓடவிட்டனர். அங்கே ஒட்டுப் போடவேனும் துணி கிடைத்தது. நம் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதன் பிரதி இன்று எவரிடமும் இல்லை. பழைய படம் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களிடம் நாம் முதலில் சொல்ல விரும்புவது, ‘சர்வர் சுந்தரம்’ முழுதாகக் கிடைப்பதே ஒரு நற்பேறு என்பதைத்தான்.

இனிச் சுந்தரத்திடம் வருவோம்.

ஏ.வி.எம். நிறுவனத்தார் தயாரிப்பில், ‘பராசக்தி’யும் ‘இரத்தக் கண்ணீ’ரும் தந்த கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் இயக்கத்தில் வந்த படம் இது. கதை, கே. பாலசந்தர் எழுதியது. அவர் அப்போது திரையுலகில் பெயர் பெற்றவர் அல்லர். சென்னையில் கணக்காயர் அலுவலகத்தில் கோப்புப் பார்த்துக்கொண்டு, மாலையில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர். மேடையில் வெற்றி கண்ட நாடகமே படமாயிற்று. ஓர் ஓட்டலில் பரிமாறும் சுந்தரம் என்ற ஏழை இளைஞனாக நாகேஷ். அவன் தோழன் ராகவனாக முத்துராமன். ஓட்டல் முதலாளியாகச் சுந்தரராஜன். முதலாளியின் மகள் ராதாவாகக் கே.ஆர். விஜயா, சுந்தரத்தின் தாயாக எஸ்.என். லட்சுமி. சுந்தரத்திற்கு நடிகனாக வேண்டும் என்ற தீராத ஆசை. ராதா அவனிடம் அன்பாகப் பேசுகிறாள். அந்த அன்பைக் காதல் என்று அவன் பிழையாகப் படித்துக்கொள்கிறான். தோழனின் உதவியால் திரையில் நுழைகிறான், பெரும் நடிகனாகிறான். ராதாவின் மனத்தில் இருப்பவனோ ராகவன். இதற்கு மேல் முடிவு என்ன என்பதை, இன்று மாலை முதன்முறையாகக் காண இருப்பவர்களுக்காக நாம் சொல்லாமல் விடுகிறோம்.

அமெரிக்கக் கதைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். அங்கே ஏறுபவர் ஒருவர், இறங்குபவர் ஒருவர். தராசின் இரு தட்டுகள்போல இரண்டு உயிர்கள். இங்கே இரண்டு தட்டும் ஒரே மனிதனுக்குள் இருக்கின்றன. வெளியே சுந்தரம் ஏறிக்கொண்டே போகிறான். உள்ளே இறங்கிக்கொண்டே போகிறான். குடி இல்லை, பொறாமை இல்லை, வில்லன் இல்லை. படத்தில் வருவோர் எல்லாருமே ஏறத்தாழ நல்லவர்கள். நல்லவர்களால் சூழப்பட்ட ஒருவன் எப்படித் தனியனாகிறான் என்பதே இக்கதை. இது எளிய பொருள் அன்று.

இப்போது ஓட்டலைப் பற்றிச் சிறிது. ‘சர்வர்’ என்ற சொல்லை நம் குழந்தைகள் கணினியோடுதான் பொருத்திப் பார்க்கின்றனர். ஆனால் இந்த மைசூரு நகரில் ஓட்டல் என்பதும் சர்வர் என்பதும் வேறு பொருள் உடையவை. காலையில் செட் தோசைக்கும் மசால் தோசைக்கும் நிற்கும் கூட்டத்தினிடையே, இரண்டு கைகளிலும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, யார் என்ன கேட்டார் என்பதைக் காகிதத்தில் எழுதாமல் நெஞ்சில் எழுதிக்கொண்டு பறக்கும் அந்த மனிதரை நாம் எல்லாரும் அறிவோம். பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த நம் மூத்த தலைமுறையில் சிலர் அந்த வேலையையே செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அவர்களுள் ஒருவர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். படத்தில் சுந்தரம் கோப்பைகளைத் தட்டுகளோடு சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல் அடுக்கி ஏந்திச் செல்லும் காட்சி வரும். நாமெல்லாம் கைதட்டிச் சிரித்த காட்சி. அந்தப் பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. “அடுக்கின் உயரத்தைப் பார்க்காதீர்கள்; அவன் கண்ணைப் பாருங்கள். எங்கே கால் வைக்கிறான் என்று தரையைப் பார்க்கவே மாட்டான். அது வேலை தெரிந்தவன் நடை” என்றார். மறுமுறை பார்த்தபோது அவர் சொன்னது விளங்கிற்று. வேடிக்கை காட்டுவதுபோலத் தோன்றும் அந்தக் காட்சியில் ஒரு தொழிலாளியின் தேர்ச்சி இருக்கிறது. நகைச்சுவை நடிகர் எத்தனையோ பேர். தொழிலைக் கற்று நடித்தவர் சிலரே.

நாகேஷ் என்ற அந்த மனிதரைப் பற்றியும், சிறப்பாக இந்த ஊரில் வாழும் நாம், சில சொற்கள் பேசவேண்டும். அவர் 1933இல் பிறந்தவர்; தாராபுரத்தைச் சேர்ந்தவர்; வீட்டில் பேசிய மொழியோ கன்னடம். சென்னையில் இரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தார். அம்மை நோய் முகத்தில் வடுக்களை விட்டுச் சென்றிருந்தது. அலுவலக நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிடமே வந்து போனார்; அன்று தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர். அந்தச் சில நிமிடத்தைப் பாராட்டிப் பரிசளித்தார். சர்வர் சுந்தரம் வந்த அதே 1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் படமெடுக்கும் பித்துப் பிடித்த செல்லப்பாவாக நாட்டையே சிரிக்க வைத்தார். மறு ஆண்டு ‘திருவிளையாட’லில் தருமியானார். 2009ஆம் ஆண்டு மறைந்தார்.

இந்தக் கரையில் இன்னொருவர். இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் இருக்கும் காஜனூரில் பிறந்த முத்துராஜ் என்ற நாடகக் கலைஞர், 1954இல் வெளிவந்த ‘பேடர கண்ணப்பா’ படத்தில் நாயகனாகி, ராஜ்குமார் என்ற பெயரோடு கன்னட மக்களின் கண்மணியானார். அந்தப் படத்தின் தயாரிப்பிலும் ஏ.வி. மெய்யப்பரின் பங்கு உண்டு. கதையோ நம் பெரியபுராணத்துக் கண்ணப்பர் கதை. கன்னட வீட்டுப் பிள்ளை தமிழர்க்கு விண்மீனானார். தமிழ்நாட்டு எல்லையில் பிறந்த பிள்ளை கன்னடர்க்கு விண்மீனானார். நம் அண்டை வீட்டாரோடு அவ்வப்போது தண்ணீரின் பெயரால் மனவருத்தம் நேரும் காலங்களில் நாம் இந்தக் கணக்கை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அன்புக்கு எல்லைக்கல் நட எவராலும் இயலவில்லை.

ஹாலிவுட் படத்தில் ஒரு காட்சி. நாயகியை ஒப்பனைக் கூடத்தில் உட்கார வைத்து, மூக்கு சரியில்லை, புருவம் சரியில்லை என்று ஆளுக்கொரு குறை சொல்லி, வேறு முகத்தையே பூசிவிடுவர். பெயரையும் மாற்றிவிடுவர். விண்மீன் என்றால் பழைய ஆளை அழித்துவிட்டு அவ்விடத்தில் புதிய ஆளை வைப்பது என்பதே அங்குப் பொருள். சுந்தரத்தின் முகத்தை எவரும் மாற்றவில்லை. அந்த வடு, அந்த ஒல்லி உடல், அந்த நடுங்கும் கை, அத்தனையும் அப்படியே திரையில் நின்றன. அழகன் ஒருவனுக்கு அழகற்றவனாக வேடமிட்டு எடுத்த படம் அன்று இது. தன் முகத்தைத் தானே அறிந்த ஒரு நடிகன், அந்த முகத்தோடு ஒரு பெண்ணை விரும்புவதன் வலியை அதே முகத்தைக் கொண்டு காட்டினான். கதாநாயகன் என்றால் இன்ன நிறம், இன்ன உயரம் என்று இன்றும் கணக்கிடும் நாட்டில், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய நிறுவனம் இந்த முகத்தை நம்பிப் பணம் போட்டது என்பது சிறிய செய்தி அன்று. 1971இல் இதே கதை ‘மைன் சுந்தர் ஹூன்’ என்று இந்திக்குப் போனபோது மெஹ்மூத் சுந்தரமானார்.

கதை எழுதிய பாலசந்தரே பதினோர் ஆண்டுகள் கழித்து, 1975இல், பெங்களூருவில் பேருந்து நடத்துநராக இருந்த சிவாஜிராவ் என்ற இளைஞரை ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ரஜினிகாந்தாக அறிமுகம் செய்தார் என்பதையும் நாம் அறிவோம். கற்பனையில் ஓட்டல் சர்வரை நடிகனாக்கியவர் கையால் வாழ்க்கையில் ஒரு பேருந்து நடத்துநர் நடிகரானார். இதைக் கேட்டு இளைஞர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறோம், மகிழ்ச்சி.

படத்தில் மற்றொரு செல்வம், பாடற்பதிவுக் காட்சி. படத்திற்குள் படம் எடுக்கும் கதையாகையால், ஒரு பாட்டு எவ்வாறு உருவாகிறது என்பதையே இயக்குநர்கள் காட்டிவிட்டனர். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் தாமே நின்று இசைக்குழுவை நடத்துகிறார். டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார். அக்காலத்தில் வயலின்காரரும் தாளக் கலைஞரும் குழலூதுபவரும் பாடுபவரும் ஒரே கூடத்தில் சேர்ந்திருந்து ஒரே மூச்சில் பதிவு செய்யவேண்டும். நாற்பது பேர் சரியாக வாசித்து, ஒருவர் பிழை செய்தாலும் எல்லாரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்று அவரவர் அவரவர் ஊரில் தனித்தனியே பாடி அனுப்ப, இயந்திரம் கோத்துக்கொள்கிறது. அதைக் குறை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், திரைக்குப் பின்னால் உழைத்த அத்தனை முகங்களையும் திரைக்கு முன்னால் கொணர்ந்து நிறுத்திய அந்தச் சில நிமிடங்களுக்காகவேனும் இந்தப் படத்தைப் பாதுகாக்க வேண்டும். பாடுபவர் முகத்தை மறைத்து வாயசைப்பவர் முகத்தையே காட்டும் கலையில், இது ஓர் அரிய நேர்மை.

இனிக் குறைகள். இளைஞர்கள் கட்சிக்கும் நாம் நியாயம் செய்யவேண்டும் அன்றோ?

ராதா என்ற பாத்திரத்திற்கு அன்பாகப் பேசுவதையும் கண்கலங்குவதையும் தவிர வேறு வேலை இல்லை. அவள் என்ன நினைக்கிறாள், தன் அன்பு இவ்வாறு பிழையாகக் கொள்ளப்பட்டதை அறிந்தபோது அவள் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதைப் படம் ஆழ்ந்து ஆராயவில்லை. ஒரு பெண் புன்னகைத்துப் பேசினால் அது காதல்தான் என்று கருதுவது சுந்தரத்தின் பிழை. அந்தப் பிழைக்காகப் பார்ப்பவர் எல்லாரும் அவனுக்கே இரங்கும்படி கதை அமைந்திருப்பது எழுதியவரின் பிழை. நம் பெண்மக்கள் வேலைக்குச் செல்கிறார்கள்; நாளெல்லாம் புன்னகைத்துப் பேசவேண்டிய வேலைகள் அவை. ஆகவே இந்த இடத்தில் நம் இளைஞர்கள் சுந்தரத்தோடு சேர்ந்து அழலாம், அவனைப்போல் நடக்கவேண்டாம். மேலும், புகழ் எப்படி வருகிறது என்பதைப் படம் மிக விரைந்து கடந்துவிடுகிறது. நேற்றுவரை சர்வர், இன்று நடிகன். இடையே நாகேஷ் என்ற மெய்யான மனிதர் பட்ட பட்டினியும், சிறு வேடங்களுக்காக ஏறி இறங்கிய படிகளும் சுந்தரத்திற்கு இல்லை. திரைத்தொழிலின் இருட்டை ஹாலிவுட் படம் காட்டிய அளவிற்கு இது காட்டவில்லை. படநிலையத்துக்காரர் எடுத்த படத்தில் படநிலையத்தின் மேல் குற்றம் சுமத்துவார்களா என்று கேட்டால், அமெரிக்காவில் சுமத்தினார்களே என்பதுதான் விடை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம்மை உறுத்திய காட்சிக்கு வருகிறோம். இதனைச் சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் எண்ணினோம். வீட்டாரின் இசைவு பெற்றே சொல்கிறோம்.

சுந்தரம் படப்பிடிப்பில் இருக்கிறான். வீட்டில் தாய் விழுந்து அடிபடுகிறாள். அவனுக்குச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. நாட்டையே சிரிக்க வைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்த முடியாது. அவன் வந்து சேரும்போது தாய் இல்லை.

இளமையில் இக்காட்சியைக் கண்டு கண்ணீர் விட்டிருக்கிறோம். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மறந்திருக்கிறோம். “இந்தக் காலத்தில் இப்படி நடக்காது, எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே” என்று இளைஞர் ஒருவர் செயற்குழுவில் சொன்னார். நம்மால் அப்போது அவருக்கு விடை சொல்ல முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பாட்டில் தேர்ந்த நம் மகளை ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் தேர்வுக்காகப் பெங்களூருவுக்கு அழைத்துச் சென்றோம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. விடியற்கால இரயிலில் புறப்பட்டோம். நூற்றுக்கணக்கான குழந்தைகள், மார்பில் எண் எழுதிய அட்டை. காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கிய வரிசை நகரவே இல்லை. நண்பகல் வேளையில் நம் கைப்பேசி ஒலித்தது. குடியிருப்பில் அடுத்த வீட்டார் பேசினார்கள். நம் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார், நினைவு தப்பியிருக்கிறது, மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறோம் என்றார்கள். அந்தத் தாயாரே நம் மகளுக்கு முதல் குரு. சரளி வரிசையை மடியில் வைத்துத் தட்டிச் சொல்லிக்கொடுத்தவர்.

கைப்பேசி வந்தது, செய்தியும் உரிய நேரத்தில் வந்தது. சொல்லாமல் விட்டது நாம்.

“யார் அப்பா?” என்று மகள் கேட்டாள். “அலுவலகம்” என்றோம். இன்னும் முப்பது எண்கள்தாம் இருக்கின்றன, பாடி முடிக்கட்டும், இப்போது சொன்னால் குரல் நடுங்கிவிடும் என்று கணக்குப் போட்டோம். நான்கு மணிக்கு அவளை அழைத்தார்கள். நன்றாகவே பாடினாள். தேர்வாகவில்லை. இரயிலில் ஏறினோம். இராமநகரம் கடந்தது, சென்னபட்டணம் கடந்தது, சொல்ல வாய் வரவில்லை. மத்தூரில் வடை வாங்கி அவள் கையில் கொடுத்தபின் சொன்னோம். அவள் அழவில்லை. வடையைக் காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, “எத்தனை மணிக்கு ஃபோன் வந்தது?” என்று மட்டும் கேட்டாள். சொன்னோம். மைசூரு வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது வடை அப்படியே இருந்தது.

தாயார் பிழைத்துக்கொண்டார், அது நம் தகுதியால் வந்தது அன்று. மகள் அதன்பின் பாடவில்லை. பள்ளியில் கேட்டார்கள்; நம் சங்க மேடைக்கும் கேட்டார்கள். “தொண்டை சரியில்லை” என்று ஒவ்வொரு முறையும் விடை சொன்னாள்.

இந்த உரைக்காகப் படத்தை நாம் மீண்டும் பார்த்தபோது அவளும் வந்து பின்னால் அமர்ந்தாள். கோப்பைக் காட்சியில் சிரித்தாள். பாடற்பதிவுக் காட்சியை நிறுத்தி இரண்டாம் முறை ஓட்டச் சொன்னாள். தாய் விழும் காட்சி வந்தது. படம் முடிந்தபின், “ஏன் அப்பா அவனிடம் சொல்லவில்லை?” என்று கேட்டாள். படத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நாம் எண்ணிக்கொண்டு, “படப்பிடிப்பு நின்றுவிடும் அம்மா, நஷ்டமாகிவிடும்” என்றோம். “யாருக்கு?” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு நம்மிடம் விடை இல்லை. அன்று முதன்முறையாக அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். தந்தை மகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீட்டு வழக்கத்தில் இல்லாத செயல், நாக்கு எழவில்லை, எனினும் கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியின் அறைக்குள் போய்விட்டாள். நெடுநேரம் கழித்து உள்ளேயிருந்து இருவரும் பேசிச் சிரிக்கும் ஒலி கேட்டது.

ஆகவே இப்படம் இன்றும் காணத்தக்கதா என்று எம்மைக் கேட்ட செயற்குழு நண்பர்களே! கலை நயத்தின் அளவுகோலால் அளந்தால், ஹாலிவுட்டின் 1954ஆம் ஆண்டுப் படம் இதைவிட உயர்ந்தது என்று நாம் ஒப்புவோம். பாலசந்தரே பின்னாளில் இதைவிடச் சிறந்த படங்கள் எடுத்தார். நாகேஷுமே ‘எதிர்நீச்ச’லில் இதனினும் நுட்பமாக நடித்தார் என்பது நம் கருத்து. மூத்தோர் சினங்கொள்ளவேண்டாம். ஆனால், பாட்டுப் போட்டிகளும், நடனப் போட்டிகளும், ஒரு நிமிடப் படங்களும் ஒவ்வொரு வீட்டுக் குழந்தையையும் விண்மீனாக்க அழைக்கும் இந்நாளில், வரிசையில் கைப்பேசியோடு நிற்பவர்கள் நாம். அந்த வரிசையில் நிற்கப்போகும் பெற்றோர் எத்தனை பேர் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். சென்ற மாதம் நால்வர் நம்மிடமே வழி கேட்டனர். அவர்களைப் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த நால்வரும் இன்று மாலை எழுந்து போகாமல் இறுதிவரை அமர்ந்திருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். படம் மெதுவாக நகர்கிறது என்பீர்கள். உண்மை. நம் நகரில் சாந்தலா போன்ற கொட்டகைகள் 2020இல் மூடப்பட்டுவிட்டன. இருட்டில் ஐந்நூறு பேரோடு அமர்ந்து ஒரே இடத்தில் சிரித்து ஒரே இடத்தில் மூக்கை உறிஞ்சும் வாய்ப்பு உங்களுக்குக் குறைந்து வருகிறது. இன்று இந்தக் கூடத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். உங்கள் கைப்பேசித் திரையில் கண்டால் மெதுவாகத் தோன்றும் படம், பலரோடு சேர்ந்து கண்டால் வேறு நடை நடக்கும், சோதித்துப் பாருங்கள்.

ஒலிபெருக்கியின் பக்கம் நிற்கும் தொண்டர் நம்மைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். இடைவேளையில் எல்லார்க்கும் காப்பியும் சுண்டலும் உண்டு. காப்பி பரிமாறும் பொறுப்பை, நாம் முன்னர்ச் சொன்ன அந்தப் பெரியவரே விரும்பி ஏற்றுக்கொண்டிருக்கிறார். கோப்பைகளை அடுக்கி எடுத்துவர வேண்டாம் என்று செயலாளர் அவரிடம் கேட்டுக்கொண்டார். அவர் இன்னும் உறுதி அளிக்கவில்லை.

மூன்றாம் வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் நம் தாயார். அருகில் அவர் பேத்தி. விளக்குகளை அணைக்கலாம் என்று அவள் கை காட்டுகிறாள்.